இரண்டாவது மிதி

லூப்பர் பெடலில் முதல் மிதி சுலபம். எப்போது வேண்டுமானாலும் மிதிக்கலாம், பதிவு தொடங்கிவிடும். இரண்டாவது மிதியில்தான் விஷயம் இருக்கிறது. அதில் பதிவு முடிகிறது, முடிந்த அதே கணத்தில் நாம் வாசித்தது முதலிலிருந்து திரும்ப ஓட ஆரம்பிக்கிறது. அங்கே கால் ஒரு இம்மி முந்தினாலும் பிந்தினாலும் அந்த நொண்டல் அடுத்த ஐந்து நிமிடமும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வந்து வந்து இடறும்.

"எந்த லூப்பர் வாங்கலாம்?" என்று வகுப்புக்கு வரும் பிள்ளைகளும் கூட வாசிக்கும் நண்பர்களும் அடிக்கடி கேட்கிறார்கள். அதையும் பிறகு சொல்கிறேன். ஆனால் ஏழு வருடமாக, கிட்டத்தட்ட தினமும், இந்த டப்பாவைக் காலடியில் வைத்து வாசித்ததில் நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் அந்த இரண்டாவது மிதியைச் சுற்றித்தான், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

லூப்பரைப் பார்த்திராதவர்களுக்கு இரண்டு வரி. கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் (ஒலிபெருக்கிக்கும்) நடுவில் மாட்டும் சின்னப் பெட்டி அது. ஒரு மிதி, பதிவு. அடுத்த மிதி, பதிவானது சுற்றிச் சுற்றி ஓடும். இன்னொரு மிதி, ஓடுவதன் மேலேயே அடுத்த அடுக்கைச் சேர்க்கலாம், இதை ஓவர்டப் என்கிறோம். பிடிக்காவிட்டால் அழுத்திப் பிடித்தால் கடைசி அடுக்கு போய்விடும். வேகமாக இரண்டு தட்டு தட்டினால் நின்றுவிடும். டிசி எலெக்ட்ரானிக்கின் டிட்டோ இந்த எல்லாவற்றையும் ஒரே சுவிட்சிலும் ஒரே குமிழிலும் முடித்துவிடுகிறது, 5 நிமிடம் வரை பதியலாம். பாஸ் கம்பெனியின் ஆர்சி-1 இன்னும் கொஞ்சம் தாராளம், ஸ்டீரியோவில் 12 நிமிடம், லூப் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று காட்ட வட்டமாகச் சுற்றும் விளக்கு வேறு.

அந்த விளக்கைப் பார்த்து வாசிக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள். காரணம் கொஞ்சம் கீழே வரும்.

இந்தக் கருவியின் முன்கதை எனக்கு ரொம்பப் பிடித்தது, அதை விட்டுவிட்டுப் போக மனமில்லை. 1963-இல் பாரிஸில் டெர்ரி ரைலி என்ற அமெரிக்க இசையமைப்பாளர், ஜாஸ் டிரம்பெட் கலைஞர் செட் பேக்கரின் குழு வாசித்ததை வைத்து ஒரு நாடகத்துக்கு இசை செய்தார். அங்கிருந்த ஒலிப்பொறியாளர் இரண்டு டேப் ரெக்கார்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நாடாவை இரண்டுக்கும் நடுவே இழுத்துக் கட்டினார். முதல் இயந்திரம் பதியும், நாடா நகர்ந்து இரண்டாவதுக்குப் போகும், அது ஒலிக்கும், அந்த ஒலி மறுபடி முதல் இயந்திரத்துக்கே திரும்பி வந்து புதிதாக வாசிப்பதோடு சேர்ந்து பதிவாகும். பத்து வருடம் கழித்து கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப்பும் இசையமைப்பாளர் பிரையன் ஈனோவும் இரண்டு ரிவாக்ஸ் டேப் இயந்திரங்களை வைத்து இதே முறையில் கிட்டாரை அடுக்கடுக்காக ஏற்றினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் பழைய அடுக்கு கொஞ்சம் மங்கும், கொஞ்சம் கரகரக்கும், மெல்லக் கரைந்து போகும். கேட்க அவ்வளவு அழகு.

ஆனால் கவனியுங்கள், அந்த முறையில் இரண்டாவது மிதி என்ற ஒன்றே கிடையாது. இரண்டு இயந்திரங்களுக்கும் நடுவில் எத்தனை அடி இடைவெளி, நாடா எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது, இவைதான் சுற்றின் நீளத்தைத் தீர்மானித்தன. வாசிப்பவர் அதற்குள் குடியிருக்க வேண்டியதுதான். பிறகு ஒலியைக் கொஞ்சம் தாமதித்துத் திருப்பித் தரும் டிஜிட்டல் டிலே வந்து, 1994-இல் லெக்சிகானின் ஜாம்மேன் வந்து, 1999-இல் லைன் 6 கம்பெனியின் பச்சை நிற டிஎல்4 வந்து (அதில் 14 நொடிதான், அதை வைத்துக்கொண்டே எத்தனையோ பேர் அற்புதம் செய்திருக்கிறார்கள்), 2001-இல் பாஸின் ஆர்சி-20 வந்தபோது சுற்றின் நீளம் முழுக்க முழுக்கக் காலின் பொறுப்பாகிவிட்டது. அந்தப் பொறுப்பைத்தான் நாம் சாதகம் செய்ய வேண்டியிருக்கிறது.

எனக்கு இதில் ஒரு சின்ன உதவி இருந்தது. கிட்டார் பக்கம் வருவதற்கு முன்னால் நாலு வருடம் மிருதங்கம் கற்றேன். பெரிதாக ஒன்றும் வரவில்லை, விட்டுவிட்டேன், ஆனால் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, என்ற எண்ணம் உடம்பில் தங்கிவிட்டது. ஆதி தாளம் போட்டுப் பாருங்கள். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டாவது எண்ணிக்கையில் உள்ளங்கை மேலே பார்த்துத் திரும்பியிருக்கிறது. அங்கிருந்து கை புரண்டு இறங்கித் தொடையில் விழும் இடம்தான் சமம். எட்டோடு சுற்று நின்றுவிடுவதில்லை, அடுத்த ஒன்றில் போய் விழும்போதுதான் அது நிறைவாகிறது. வாத்தியார் தீர்மானம், அதாவது முடிப்பு, சொல்லிக்கொடுக்கும்போதும் இதேதான். ஒரு சொற்கட்டை மூன்று தடவை வாசித்து, கடைசி அடி அடுத்த சமத்தில் விழ வேண்டும். நான் எட்டாவது எண்ணிக்கையிலேயே அவசரமாக ஓடி விழுவேன். அவர் மிருதங்கத்தின் மேல் கையை வைத்து நிறுத்திச் சொல்வார்: "ஏண்டா ஓடுறே? நில்லு. சமம் எங்கேயும் போயிடாது."

லூப்பர் வாங்கிய முதல் வாரம் இதைத்தான் மறந்தேன். எட்டு எண்ணி முடித்ததும் மிதித்தேன். எல்லாருமே முதலில் அப்படித்தான் செய்கிறார்கள், கடைசிக் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வாசித்து முடித்தாயிற்று, பாட்டு முடிந்தது, மிதி. மிதிக்க வேண்டிய இடம் எட்டு இல்லை, அடுத்த ஒன்று. அதாவது எட்டு எண்ணிக்கை லூப்புக்கு ஒன்பது வரை எண்ண வேண்டும், அந்த ஒன்பதுதான் ஒன்று.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை என்ற வேகத்தில் ஓர் எண்ணிக்கை 0.75 நொடி, எட்டு எண்ணிக்கை சரியாக 6 நொடி. கால் 0.06 நொடி பிந்தியது என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாகக் கேட்டால் எட்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் லேசாக இழுத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் மெட்ரோனோமோ டிரம் மெஷினோ ஓடினால் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த 0.06 சேர்ந்துகொண்டே போகும். பன்னிரண்டு சுற்றில் 0.72 நொடி. கிட்டத்தட்ட ஓர் எண்ணிக்கையே தள்ளிப் போய்விட்டது, ஒன்றேகால் நிமிடத்துக்குள். மேடையில் கூட ஒரு டிரம்மர் இருந்தால் அவர் பாவம் எந்தப் பக்கம் போவார்?

சரி, எப்படிப் பழகுவது? நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சுற்று பதியாமலே வாசிக்கிறேன். நின்ற இடத்திலிருந்து எம்பிக் குதிப்பதற்கும் ஓடிவந்து தாண்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. இரண்டாவது சுற்றின் ஒன்றில் முதல் மிதி, மூன்றாவது சுற்றின் ஒன்றில் இரண்டாவது மிதி. இங்கேதான் முக்கியம், இரண்டாவது மிதிக்குப் பிறகு கை நிற்கக் கூடாது. பதிவு முடிந்ததே தெரியாத மாதிரி அதே வாசிப்பை இன்னொரு சுற்று தொடர வேண்டும். கை நின்றுவிடும் என்று காலுக்குத் தெரிந்தால் கால் அதற்கு ஏற்ற மாதிரி சோம்பிவிடும் அல்லது பதறிவிடும். கை ஓடிக்கொண்டே இருந்தால் காலும் அந்த ஓட்டத்துக்குள் ஒரு அடியாக மாறிவிடுகிறது.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கடைசிக் கார்டின் ஒலி அடுத்த ஒன்றைத் தாண்டியும் கொஞ்சம் ரீங்கரிக்கும். இரண்டாவது மிதியில் அந்த ரீங்காரம் கத்தியால் அறுத்த மாதிரி வெட்டுப்படும், அதனால் லூப்பின் தொடக்கத்தில் ஒரு திடீர் வறட்சி கேட்கும். சில பெடல்களில் இரண்டாவது மிதிக்குப் பிறகு நேராக ஓவர்டப்புக்குப் போகும்படி மாற்றி வைக்கலாம். அப்படி வைத்துவிட்டு, மிதித்ததும் கடைசிக் கார்டை அப்படியே அடங்க விட்டால், அதன் வால் லூப்பின் தலையில் போய்ப் பதிந்துவிடும். அடுத்த மிதியில் ஓவர்டப்பை மூடிவிடலாம். தையல் தெரியாத துணி மாதிரி லூப் ஓடும்.

அப்புறம் கால். நான் வெறுங்காலில்தான் மிதிக்கிறேன், மேடையிலும். குதிகாலைத் தரையில் ஊன்றி, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் கீழே இருக்கிற மேட்டால் சுவிட்சை முதலிலேயே தொட்டுக்கொண்டு காத்திருக்கிறேன். சுவிட்ச் சில மில்லிமீட்டர் இறங்கிய பிறகுதான் வேலை செய்யும், அந்த இறக்கத்துக்கும் நேரம் பிடிக்கும், அதைக் கால் தானாகவே கற்றுக்கொள்ளும், ஆனால் தடித்த அடிப்பாகம் உள்ள ஷூவோடு கற்றுக்கொள்ளாது. இன்னொன்று, சில பெடல்கள் அமுக்கும்போதே வேலை செய்யும், சில பெடல்கள் காலை எடுக்கும்போது. உங்கள் பெடல் எந்த வகை என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். தாளம் போடும் காலும் மிதிக்கும் காலும் ஒன்றாக இருந்தாலும் சிக்கல்தான், ஒரு தட்டு தவறிப் பட்டால் ஓவர்டப் திறந்துகொள்ளும். எனக்கு இடது கால் தாளத்துக்கு, வலது கால் பெடலுக்கு.

பயிற்சியில் எனக்கு மிகவும் பயன்பட்ட ஒன்று இருக்கிறது. பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். தந்திகளை உள்ளங்கையால் அடக்கிக்கொண்டு ஒன்றில் மட்டும் ஒரே ஒரு "டக்". மீதி ஏழு எண்ணிக்கை மௌனம். அடுத்த ஒன்றில் மிதி. அவ்வளவுதான் லூப். ஆறு நொடிக்கு ஒரு "டக்" வந்துகொண்டிருக்கும். தந்திகளை மேலும் கீழும் வருடி முழுக்க ஸ்ட்ரம்மிங் வாசித்தால் கை நம்மைத் தாங்கிக்கொண்டு போய்விடும், கால் கொஞ்சம் தவறினாலும் சமாளித்த மாதிரி தோன்றும். மௌனத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஏழு எண்ணிக்கையையும் உள்ளுக்குள் நாமே சுமக்க வேண்டும். மெட்ரோனோமை ஹெட்போனில் ஓடவிட்டு இப்படிப் பதிந்து, பத்து சுற்றுக்குப் பிறகும் அந்த "டக்" மெட்ரோனோமின் ஒன்றோடு சேர்ந்து விழுகிறதா என்று பார்ப்பேன். சேர்ந்து விழுந்த முதல் நாள் இரவு பதினொன்றரை மணி, அறையில் தனியாக உட்கார்ந்து இருபது சுற்று வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

விளக்கைப் பார்க்காதீர்கள் என்று சொன்னது இதனால்தான். கண் விளக்குக்குப் போனால் உள்ளே எண்ணுவது நின்றுவிடுகிறது.

என்னிடம் வரும் ஒரு பையன், பதினைந்து வயது, விரல் நன்றாக ஓடும். போன வருடம் அவனுக்குப் பெடலைக் கொடுத்து ஏ மைனர், ஜி என்று இரண்டே கார்டில் ஒரு லூப் போடச் சொன்னேன். போட்டான். கேட்டான். முகம் மாறியது. "அண்ணா, நான் சரியாத்தான் வாசிச்சேன், பெடல்தான் தப்பா புடிச்சிருக்கு" என்றான். மறுபடி போட்டான், மறுபடியும் அதே. நான் ஒன்றும் சொல்லாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்து லூப்போடு தொடையில் ஆதி தாளம் போட்டேன். நாலாவது சுற்றில் அவனே என் கையைப் பார்த்து, "வீச்சு முடியறதுக்குள்ள ஒன்னு வந்துடுதுண்ணா" என்றான். அதுவரை அவன் ஸ்ட்ரம்மிங் ஏழாவது எண்ணிக்கைக்கு மேல் வேகம் எடுக்கிறது என்று நான் பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். கேட்டதில்லை என்று சொல்ல மாட்டேன், கேட்டான், ஆனால் அவன் காதுக்கு அது தெரியவில்லை. வாசித்துக்கொண்டிருக்கும்போது காது பாதிதான் திறந்திருக்கும். கிட்டாரை மடியில் சாய்த்துவிட்டு நம் வாசிப்பையே பக்கத்து ஆள் வாசிப்பு மாதிரி கேட்க முடிவது, அதுவும் வாசித்த அடுத்த நொடியே, லூப்பர் தரும் பெரிய கொடை என்று நினைக்கிறேன். போனில் பதிந்து கேட்பது வேறு. அதில் கேட்டுவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவோம். இதில் அதே சூட்டில் திருத்தலாம்.

கணக்குப் பயிற்சிக்கும் இது பிரமாதமான துணை. எட்டு எண்ணிக்கை லூப்பை ஓடவிட்டு அதன் மேல் ஐந்து எண்ணிக்கைச் சொற்கட்டை வாசியுங்கள். தகதகிட, தகதகிட என்று போய்க்கொண்டே இருந்தால் 40 எண்ணிக்கைக்கு ஒரு தடவை, அதாவது லூப்பின் ஐந்தாவது சுற்று முடிந்து ஆறாவது தொடங்கும் இடத்தில், இரண்டும் ஒன்றாகச் சமத்தில் வந்து சேரும். ஏழு எண்ணிக்கை வைத்தால் 56-இல் சேரும். நடுவில் தொலைந்து போனாலும் லூப் தொலைந்து போகாது, அதைப் பிடித்து மறுபடி ஏறலாம். கூட ஒரு ஆளை உட்காரவைத்து அரை மணி நேரம் ஒரே தாளத்தைப் போடச் சொல்ல முடியுமா? யாரும் வர மாட்டார்கள்.

பெடல் சத்தத்தைச் சரிசெய்யவும் ஒரு வழி இருக்கிறது. லூப்பரை வரிசையில் முதலாவதாக, கிட்டாருக்கு அடுத்தபடியே மாட்டி, எந்த எஃபெக்டும் இல்லாமல் ஒரு லூப் பதிந்துவிட்டு, குனிந்து உட்கார்ந்து ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரக்க வைப்பது), டிலே பெடல்களின் குமிழ்களை நிதானமாகத் திருப்பிப் பார்க்கலாம். கிட்டார் தானே வாசித்துக்கொண்டிருக்கும், கை ஃப்ரீ. ஆனால் வாசிக்கும்போது லூப்பர் கடைசியில் இருப்பதுதான் நல்லது. முன்னால் இருந்தால் அடுக்குகள் எல்லாம் ஒன்றாக ஓவர்டிரைவுக்குள் போய்க் கூழாகிவிடும், லீடுக்கு, அதாவது மேலே தனியாக வாசிக்கும் மெட்டுக்கு, டோனை மாற்றினால் பின்னால் ஓடும் ரிதமும் சேர்ந்து மாறிவிடும்.

ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். நாலு கார்ட் லூப்பைப் போட்டுவிட்டு அதன் மேல் ஒரு மணி நேரம் லீடு வாசிப்பது சுகமாக இருக்கும், நேரம் போவதே தெரியாது, ஆனால் விரல் அதே நாலு தெருவில்தான் சுற்றிச் சுற்றி வரும். நான் பல மாதங்கள் அப்படிப் போக்கினேன், வருத்தமாகத்தான் இருக்கிறது. இப்போது ஒரு லூப்புக்கு இருபது நிமிடம், அப்புறம் அழித்துவிடுவேன். லூப்பைச் சேமித்து வைப்பதும் இல்லை. நாளைக்கு மறுபடி போட வேண்டியிருந்தால் நாளைக்கும் இரண்டாவது மிதி மிதிக்க வேண்டும், நல்லதுதானே.

மேடைக்கு வருவோம். கோயம்புத்தூரில் ஒரு கஃபேயில் முதல் தடவை லூப்பரோடு வாசித்தபோது புது ஷூ போட்டிருந்தேன். இரண்டாவது பாட்டில் கால் அரை எண்ணிக்கை முந்திவிட்டது. முன் மேசையில் ஒரு அக்கா அதுவரை பாட்டோடு கை தட்டிக்கொண்டிருந்தார். லூப் திரும்பிய இடத்தில் அவர் கைகள் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் நின்றன. மறுபடி பிடித்தார், அடுத்த சுற்றில் மறுபடி நின்றன. மூன்றாவது தடவைக்குப் பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அழித்துவிடத் தோன்றவில்லை, பாட்டு முழுக்க அந்த நொண்டும் லூப்போடேயே போராடிப் பாடி முடித்தேன். அந்தக் கைகள் நின்றது இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது. இப்போதெல்லாம் லூப் தவறினால் அதே சுற்றிலேயே நிறுத்திவிட்டு வெறும் கிட்டாரோடு தொடர்வேன், அடுத்த சரணத்தில் மறுபடி பதிவேன். கேட்பவர்களுக்கு அது பாட்டின் ஏற்ற இறக்கமாகத்தான் தெரியும்.

இன்னொரு விஷயமும் மேடைதான் சொல்லிக்கொடுத்தது. லூப் கட்டுவதை ஜனங்கள் பார்த்துக்கொண்டு காத்திருக்கும்படி செய்யக் கூடாது. முதலில் தட்டல், அப்புறம் பேஸ், அப்புறம் கார்ட், அப்புறம் மேலே ஒரு மெட்டு என்று ஒன்றரை நிமிடம் அடுக்கினால் முதல் பாட்டுக்கு வேடிக்கையாக இருக்கும், மூன்றாவது பாட்டுக்குக் கொட்டாவி வரும். 2004-இல் பாடகி கேட்டி டன்ஸ்டல் பிபிசி தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வாசித்ததைத் தேடிப் பாருங்கள். வேறொருவர் வர முடியாமல் போனதால் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டவர், கையில் ஒரு கிட்டார், காலில் ஒரு அகாய் பெடல். கொஞ்ச நேரத்தில் தட்டலும் குரலும் ஏறிவிடும், பாட்டு ஓட ஆரம்பித்துவிடும், அதற்குப் பிறகு நம் கண் பெடலுக்கே போகாது. பாடகர் எட் ஷீரன் 2017 கிளாஸ்டன்பரி இசை விழாவில் அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால் பெரும்பாலும் தனியாளாக நின்று லூப்பரோடு பாடியதிலும் நான் கவனித்தது இதைத்தான், அடுக்குவதே பாட்டின் உள்ளே நடக்கிறது.

நான் செய்வது இன்னும் எளிது. முதல் சரணத்தைப் பாடிக்கொண்டே அதன் கார்டுகளையே பதிகிறேன். கிட்டார் மட்டும்தான் லூப்பருக்குப் போகிறது, மைக் நேராக மிக்ஸருக்கு, அதனால் குரல் அதில் விழாது. கேட்பவர்களுக்கு ஒரு ஆள் பாடிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். பல்லவி முடிந்து இடையில் லீடு வரும்போதுதான் பின்னால் இன்னொரு கிட்டார் இருப்பதே தெரியும். ஒரு பாட்டுக்கு இரண்டு அடுக்கு, மிஞ்சினால் மூன்று. அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று உட்காராமல் இருக்க, முதல் அடுக்கு கீழ் ஃபிரெட்டில் என்றால் இரண்டாவதை ஏழாவது ஃபிரெட்டுக்கு மேலே வைத்துக்கொள்வேன், லூப்பின் ஒலியை நேரடி வாசிப்பைவிட ஒரு பிடி குறைத்து வைப்பேன். பத்துப் பாட்டில் நாலு பாட்டுக்கு லூப்பரைத் தொடுவதே இல்லை.

டிரம்ஸோ, கையால் தட்டும் பெட்டியான கஹோனோ கூட இருந்தால் வேறு நியாயம். மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வாசிப்பார்கள், லூப் ஒரு இம்மிகூட விட்டுக்கொடுக்காது. அதனால் தாளம் வாசிப்பவருக்கு மானிட்டரில் (மேடையில் வாசிப்பவரைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கரில்) லூப் நன்றாகக் கேட்டே ஆக வேண்டும். சவுண்ட் செக்கில் நான் முதலில் கேட்பது இதைத்தான். "தம்பி, உனக்கு லூப் கேக்குதா?" "கேக்குதுண்ணா, ஆனா உங்க கிட்டார்தான் ஜாஸ்தியா கேக்குது." அப்போது சவுண்ட்காரரிடம் என் கிட்டாரைக் குறைக்கச் சொல்லி லூப்பைத் தனியாக ஏற்ற முடியாது, இரண்டும் ஒரே கேபிளில்தான் வருகின்றன, பெடலில்தான் லூப் குமிழைத் திருப்ப வேண்டும். அதுவும் போதாத இடங்களில் தாளம் இல்லாத லூப்பாகப் போட்டுவிடுவேன், வால்யூமை மெல்ல ஏற்றி இறக்கி நீளமாக இழுத்த கார்டுகள் மட்டும். டிரம்மர் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் அது உறுத்தாது.

பாட்டை முடிப்பதற்கும் கால் பழக வேண்டும். ஒற்றை சுவிட்ச் பெடலில் நிறுத்துவது இரட்டைத் தட்டு. இரண்டு தட்டில் இரண்டாவதுதான் சமத்தில் விழ வேண்டும், முதல் தட்டு அதற்கு அரை எண்ணிக்கை முன்னாலேயே. இதையும் தனியாக உட்கார்ந்து பழகினேன், ஆனாலும் மேடைக்கு இரண்டு சுவிட்ச் உள்ள பெடலோ, நிறுத்துவதற்கென்று தனியாக ஒரு ஃபுட்சுவிட்சோ இருப்பது நிம்மதி. அதனால் எது வாங்கலாம் என்ற கேள்விக்கு என் பதில்: வீட்டுச் சாதகத்துக்கு ஒற்றை சுவிட்ச் போதும், மேடைக்கு இரண்டு. ஆர்சி-505 மாதிரி ஐந்து டிராக் உள்ள மேசை லூப்பர்கள் கையால் இயக்குவதற்கானவை, பீட்பாக்ஸ் செய்பவர்களுக்கும் பாடுபவர்களுக்கும் அருமை, இரண்டு கையும் கிட்டாரில் இருப்பவர்களுக்கு ஒத்துவராது. காசு கொடுக்கும் முன் பழகிப் பார்க்க போன் ஆப் இருக்கிறது. ஒன்றே ஒன்று, ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம். சத்தம் தாமதமாக வந்து சேரும், கால் அந்தத் தாமதத்துக்குப் பழகிவிடும், அப்புறம் பெடலில் எல்லாமே தள்ளி விழும். வயர் வைத்த ஹெட்போனே போதும்.

அடாப்டரையும் பாருங்கள். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், பிளக்கின் நடு முனை மைனஸ். வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு அடாப்டர் சரியாகப் பொருந்துகிறதே என்று செருகிவிடாதீர்கள், பெடலின் பக்கவாட்டில் ஒரு சின்னப் படம் இருக்கும், அதோடு ஒத்துப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். டிஜிட்டல் கருவி என்பதால் கரண்ட் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், பேட்டரி போடும் வசதி இருந்தாலும் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரு ரிசப்ஷனில் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடியில் லூப் ஊமையாகிவிட்டது. அகூஸ்டிக் கிட்டார் என்பதால் கை நிற்கவில்லை, முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் அந்த நொடிகளில் தாளம் போட்டுக் காப்பாற்றினார். விளக்கு வந்ததும் அவர் தாளத்திலேயே அடுத்த லூப்பைப் பதிந்தேன்.

இந்த மாதம் மிஸ்ர சாபு தாளத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். தகிட தகதிமி, ஏழு எண்ணிக்கை, மூன்றும் நாலும். எட்டுக்குப் பழகிய கால் ஏழாவதுக்குப் பிறகு இல்லாத ஒரு எண்ணிக்கையைத் தேடுகிறது, மிதி பிந்துகிறது. சொற்கட்டை வாயால் சொல்லிக்கொண்டு, "மி" முடிந்து அடுத்த "த" வாயில் வரும்போது மிதித்தால் சரியாக விழுகிறது. வாயை மூடினால் தவறிவிடுகிறது. இதே தாளத்தில் ஒரு பாட்டை இந்தச் சனிக்கிழமை கஃபேயில் வாசிக்க ஆசை. நேற்று இரவு வரை மௌன லூப் ஆறு சுற்று நின்றது. பத்து நின்றுவிட்டால் வாசித்துவிடுவேன்.